மூன்றாம் நிமிடத்துக்கான பாட்டில்

மேடையில் ஆதாரத்தைக் கையில் உயர்த்திக் காட்டுபவரே வெல்வார் என்பதைக் கல்லூரியின் முதலாண்டிலேயே கண்டுகொண்டிருந்தேன். ரேஷன் அரிசி, கருகிய மின்கம்பி, ஒருமுறை என் சொந்தப் பேருந்துப் பயண அட்டை: எதையேனும் மூன்றாம் நிமிடத்தில் உயர்த்துவேன், அரங்கம் நிமிர்ந்து உட்காரும். ஆகவே, தொண்ணூறுகளின் நடுவில், ‘மதுவின் மீதான உயர்வரி மக்களைக் காக்கிறது’ என்னும் தலைப்பை எதிர்த்துத் தி. நகர் அரங்கு ஒன்றில் பேச வேண்டும் என்றானபோது, எனக்கு ஒரு பீர் பாட்டில் தேவைப்பட்டது.

அதற்கு முந்தைய வாரம், வேறொரு போட்டிக்காக நானும் என் அணித்தோழியும் புதுச்சேரி சென்றிருந்தோம். அங்கே ஒரு மதுக்கடையின் விலைப்பலகையைப் பார்த்ததும் என் உரை முழுவதும் கண்முன் விரிந்தது. அதே நிறுவனம், அதே அளவு. சென்னையில் இரண்டு வாங்கும் பணத்துக்கு அங்கே மூன்று கிடைத்தன. சரக்கு மாறவில்லை. ஆயத்தீர்வை, விற்பனை வரி, கடையை ஏலம் எடுத்தவர் கட்டிய தொகை என எல்லாம் நம் பக்கத்தில் அதன் தலையில் ஏறிவிடுகின்றன. உயர்வரி குடிப்பவரைத் திருத்தவில்லை, எல்லை தாண்ட வைக்கிறது என்பதே என் வாதம். பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் ‘புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு’ என்று அச்சிட்டிருந்தது. அதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

“யாருக்கும்மா?” என்றார் கடைக்காரர்.

“போட்டிக்கு.”

“போட்டி போட்டுக் குடிப்பீங்களா?” என்றபடியே செய்தித்தாளில் சுற்றித் தந்தார்.

வரியைப் பற்றி அவ்வளவு படித்திருந்த நான், அந்தப் பாட்டிலை எல்லை தாண்டிக் கொண்டுவருவதே குற்றம் என்பதைப் படித்திருக்கவில்லை. எங்கள் பேருந்தை யாரும் சோதிக்கவும் இல்லை. அது குற்றம் என்று சொன்னவர் தி. நகர் போட்டியின் நடுவர். மதுவிலக்குப் பிரிவில் பணியாற்றிய காவல் அதிகாரி.

“பாண்டியிலேர்ந்து ஒரே ஒரு பாட்டில் எடுத்துட்டு வந்தாலும் கேஸ்தான்,” என்றார் தொடக்கவுரையில். “காலேஜ் பிள்ளைங்களா இருந்தா, மொதல்ல அப்பாவக் கூப்பிட்டு விடுவோம்.”

அரங்கம் சிரித்தது. பாட்டில் என் நாற்காலிக்கடியில், துணிப்பைக்குள், அவர் காலணியிலிருந்து இரண்டடி தூரத்தில் இருந்தது. அப்பா என்னை மேடையேற விட்டது ஒரே நிபந்தனையின் பேரில்: என்னைப் பற்றி ஒரு சொல்லும் வெளியிலிருந்து வீட்டுக்கு வரக் கூடாது. வந்தால் அன்றோடு பேச்சு முடிந்தது. அது முடிந்த பிறகு நான் யாராக இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

என் உரையின் மூன்றாம் நிமிடம் வந்தது. பழக்கத்தால் வலக்கை உயர்ந்தது, வெறுமையாக.

அடுத்து வந்த எதிரணி மாணவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். “எதிரணித் தோழி புதுச்சேரி விலையை ஒப்பித்தார். கடையில் போய்க் கேட்டாரா, கனவில் கண்டாரா?” கைதட்டல் ஓயும்வரை நான் மேசைவிரிப்பின் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றோம்.

“ஏட்டி, எங்கப்பாவுக்கு இது தெரிஞ்சா கடையில வச்சே தோல உரிச்சிருவாரு,” என்றாள் தோழி, பெண்கள் கழிப்பறையில். அதே தி. நகரின் பாண்டி பஜாரில் துணிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பம் அவளுடையது. பாட்டிலை அப்படியே விட்டுப்போக முடியாது. அன்று அந்த அரங்குக்கு வந்த பெண்கள் நாங்கள் இருவர் மட்டுமே. ஊற்றிவிட்டுச் சீட்டைக் கிழிக்கலாம் என்று மூடியைக் கைகழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்துத் தட்டினேன். நாள் முழுதும் பையில் குலுங்கிச் சூடேறியிருந்த பீர் சீறிக்கொண்டு என் கஞ்சிபோட்ட புடவையில் பாய்ந்தது. எவ்வளவு அலசியும் வாடை போகவில்லை. சீட்டைக் கிழித்த காலிப் பாட்டிலைக் குப்பைத்தொட்டியின் அடியில் புதைத்துவிட்டு, அவள் தன் வீட்டுக்கு நடந்தாள். நான் மயிலாப்பூர் பேருந்தில் ஏறினேன்.

அலுவலகம் விடும் நேரம். பெண்கள் இருக்கையின் ஓரத்தில் பையை மார்போடு அணைத்து அமர்ந்தேன். தேனாம்பேட்டை தாண்டியதும் முன்னிருக்கைப் பெண்மணி மூக்கைப் பொத்தினார்.

“யாருப்பா பீரு அட்ச்சிக்கினு ஏறுனது?” என்று கத்தினார் நடத்துநர். “பஸ்ஸா இது, ஒயின்ஷாப்பா?”

என் இருக்கையின் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றிருந்தவர் ஒரு கொத்தனார். கையெல்லாம் சிமெண்ட், அந்தத் தூசியில் கண் சிவந்திருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“நான் குடிக்கலண்ணே. வேணா ஊதிக் காட்டட்டா?”

“எறங்கு நைனா. லேடீஸ் கீறாங்க.”

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். “கண்டக்டரே, அது விக்கிற வெலைக்கு நம்மாலயே பீரு அடிக்க முடியல. இவரு இன்னாத்தக் குட்ச்சிருப்பாரு?”

அரங்கில் ஆதாரமில்லாமல் நான் ஒப்பித்த விலையை அந்தக் குரல் ஒரே வரியில் ஆதாரமாக்கிவிட்டது. அந்த விலைக்கு அவர் கூலி போதாது. எனவே அந்த வாடை அவருடையதல்ல. நான் எழுந்து, அது யாருடையது என்று சொல்லி அந்த வாதத்தை முடித்துவைத்திருக்க வேண்டும். சொற்றொடர்கூடத் தயாராக இருந்தது, தொடக்கமும் முடிவுமாக. ஆனால் பேருந்தில் எங்கள் தெருக்காரர்கள் இருவர் இருந்தார்கள். ஈரமான முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

ஆழ்வார்ப்பேட்டை நிறுத்தத்தில் அவரை இறக்கினார்கள். “சீட்டுக் காசயாவது குடுண்ணே,” என்று கேட்டார். விசில் ஒலித்தது. அவர் வாயருகே உள்ளங்கையைக் குவித்து, ஊதி, தானே முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அடுத்த மாதம் திருச்சியில் பேசினேன், முதல் பரிசு.