பக்கத்துக் கட்டிலில் சீனி வேகமாக இறங்கியது

ஜேர்மனியின் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழா வாரத்தில் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரே காலையில் இரண்டு தமிழர்கள் வந்தார்கள். இருவருக்கும் நீரிழிவு, இருவருக்கும் இரத்தத்தில் சீனி எல்லை மீறியிருந்தது. பிரிவுத் தலைவி ஐந்தாம் கட்டிலை நிவேதாவிடம் கொடுத்தார். ஆறாம் கட்டில் எனக்கு.

நிவேதா கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. தீவிர சிகிச்சைத் தாதியர் மேற்படிப்பை முடித்தவள் நான். ஆனாலும் எல்லோரும் பேசப்போகிற நோயாளி அவளுக்குப் போனார். எனக்குப் பொறாமை. இரண்டு நிலைகளின் வித்தியாசத்தை நான் அந்தப் பொறாமையோடுதான் கவனித்தேன்.

1. ஐந்தாம் கட்டில்

பத்தொன்பது வயதுப் பெண், முதலாம் வகை நீரிழிவு. கோயிலில் நேர்த்திக்கடனாகக் கற்பூரச்சட்டி எடுக்க விரதம் இருந்தவள். "சாப்பிடேல்லைத்தானே, பிறகென்னத்துக்கு ஊசி?" என்று இன்சுலினை நிறுத்தியிருந்தாள். சாப்பிடாவிட்டாலும் உடம்புக்கு இன்சுலின் வேண்டும். இரண்டு நாளுக்குள் வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேக மூச்சு. மூச்சில் நகப்பூச்சு நீக்கியின் வாசனை. இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் கீட்டோன் இரத்தத்தில் நிறைய, அமிலமும் ஏறியிருந்தது. இது கீட்டோஅசிடோசிஸ்.

சேலைன் ஏற்றி, பொட்டாசியம் போதுமா என்று பார்த்து, இன்சுலின் பம்பைத் தொடங்கினார்கள். பிற்பகலில் பெண் எழுந்து தொலைபேசி கேட்டாள். "சுப்பர், நிவேதா!" என்றார் மருத்துவர்.

2. ஆறாம் கட்டில்

எழுபது வயதுக்காரர், இரண்டாம் வகை. நெஞ்சுச் சளிக்காய்ச்சலோடு ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மயங்கியவர். சீனி ஆயிரத்துக்கு மேல், பக்கத்துப் பெண்ணுடையதைப் போல இரு மடங்கு. ஆனால் கீட்டோன் பெயருக்குத்தான். மூச்சு சாதாரணம். உடம்பு வறண்டு இரத்தம் அடர்ந்திருந்தது. சீனி மிக ஏறி உடம்பு வறளும் இந்த நிலையை எச்எச்எஸ் என்போம். இங்கே முதல் மருந்து நீர்தான். நீர் ஏறினாலே சீனி இறங்கத் தொடங்கும். இன்சுலின் காத்திருக்கலாம்.

அவருடைய மனைவி இரண்டு கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளை, அங்கை இன்சுலின் ஓடுது. இவருக்கு வெறும் தண்ணி. சீனி கூட எங்கடையாளுக்குத்தானே?"

"ஓம் அன்ரி, ஆனா..."

"அந்தப் பெட்டை எழும்பிக் கதைக்குது. நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறியள். அந்த நேர்ஸ் பிள்ளையை இஞ்சாலை மாத்தி விடேலாதோ?"

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிவேதா தலையை நீட்டினாள். "நான் வந்தாலும் இதே டிரிப்தான் ஆன்ட்டி. எங்கிட்ட தனி மேஜிக் எதுவும் இல்ல."

அந்தப் பதிலையும் அவளே நன்றாகச் சொல்லிவிட்டாள்.

"அப்ப டொக்டரைக் கூப்பிடுங்கோ. இன்சுலினைக் கூட்டிப் போடச் சொல்லுவம்."

அவரைக் கதிரையில் உட்கார வைத்தேன். "அன்ரி, அந்தப் பிள்ளைக்குக் கெதியா வந்தது. இவருக்கு ஒரு கிழமையா ஏறினது. மூளையும் இந்தச் சீனிக்குப் பழகிப்போச்சு. டக்கெண்டு இறக்கினா தண்ணி மூளைக்குள்ளை போய் வீங்கும். பிறகு ஆளை எழுப்பேலாமப் போகலாம்."

அவர் கணவரின் போர்வையை இழுத்து விட்டார். பிறகு, "தாகம் தாகம் எண்டவர். நான்தான் மாம்பழ யூஸ் வாங்கி வாங்கிக் குடுத்தனான்" என்றார்.

"அதாலை மட்டுமில்லை அன்ரி. சளிக்காய்ச்சலும் சேந்துதான் இழுத்துவிட்டது."

மருத்துவரைக் கூப்பிடும் பேச்சு நின்றது. நான் கண்மணிகளைச் சோதித்தேன். சோடியம், பொட்டாசியம், சிறுநீரின் அளவு எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாலையில் மருத்துவர் சொன்னபடி இன்சுலினைக் குறைந்த அளவில் தொடங்கினேன். "சுப்பர்" சொல்ல யாரும் வரவில்லை.

மறுநாள் பெரியவர் கண் திறந்து மனைவியின் பெயரைச் சொன்னார்.

"இஞ்சேரப்பா, இந்தப் பிள்ளைதான் உங்களை அவசரப்படுத்தாமப் பாத்தது" என்றார் மனைவி. அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

3. வகுப்பு

அடுத்த வாரம், பயிற்சி மாணவர்களுக்கு ஐந்தாம் கட்டிலைப் பற்றி வகுப்பு எடுக்கும்படி நிவேதாவிடம் சொன்னார்கள். மறுபடியும் பொறாமை. இந்த முறை பிரிவுத் தலைவியிடம் போனேன். "ஐந்தாம் கட்டில் மட்டும் சொன்னால் பாதிதான் தெரியும். ஆறாம் கட்டிலை நான் சொல்கிறேன்."

"தாராளமாக," என்றார் அவர். "நீ இதுவரை எதையுமே கேட்டதில்லையே."

வகுப்பில் மாணவர்களுக்கு நான் கடைசியாகச் சொன்னது: பக்கத்துக் கட்டிலின் மானிட்டரைப் பார்த்து உங்கள் பம்பின் வேகத்தை மாற்றாதீர்கள். எனக்கு நான் சொல்லிக்கொண்டது வேறு: வேண்டியதை வாய் திறந்து கேள், பொறாமை அதை உனக்காகப் போய்க் கேட்காது.