புளி போட்டுத் தேய்த்த விளக்கு

படிக்கத்தில் ரோசாப்பூ வைத்திருந்த வீட்டில் நான் வேலை பார்த்தேன். வெற்றிலை எச்சில் துப்புகிற அதே படிக்கம்தான். ஏதோ ஒரு சிங்களப் பெரியவீட்டிலிருந்து கண்டிக் கடைத்தெருவுக்கு வந்ததைத் தோட்டத் துரையின் மனைவியான துரைசாணி வாங்கிவந்து, சாப்பாட்டு மேசை நடுவில் வைத்துப் பூவும் செருகினாள். விருந்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அதை மூக்கருகே தூக்கி மெச்சினார்கள். நான் பின்னால் நின்று சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பங்களா ஹந்தானை மலையில் ஒரு கோப்பித் தோட்டத்தில் இருந்தது. கூடம் முழுக்கப் பழைய பித்தளைதான். செம்பு, மூக்குக் கெண்டி, சுண்ணாம்புக் கரண்டகம், வாசலுக்கு நேரே சங்கிலியில் ஓர் அன்னத் தூக்குவிளக்கு. விளக்கு கறுத்துப் பச்சை பிடித்துக் கிடந்தது. துரைசாணிக்கு அதன்மேல்தான் உயிர்.

என் சிரிப்பெல்லாம் அந்த வருஷத்தோடு போயிற்று. கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாய் நோய் கண்டது. தொட்டால் விரலில் ஒட்டும். இலை கொட்டிச் செடிகள் குச்சியாக நின்றன. வேலையற்றவர்களைக் கங்காணி கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டி ஊருக்கு அனுப்பினார். மாத்தளை, தம்புள்ளை, அப்புறம் காடு, மன்னார்க் கரை என்று எல்லாம் நடைதான். என் மனைவியோ இரண்டு மாதமாகக் காய்ச்சலில் கிடந்தாள். கூலிகளின் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து பீலிக்குத் தண்ணீருக்குப் போகவே என் தோளைப் பிடிப்பாள். எனக்குப் பங்களா வேலை இருக்கிறவரைதான் அந்தக் காம்பரா எங்களுக்கு. அந்தப் பாதையில் இறக்கினால் அவள் பிழைக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பித்தளை பார்க்க விருந்தாட்கள் வருகிறார்கள், காய்ந்த துணியால் துடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டுத் துரைசாணி கண்டிக்குப் போனாள். பாவம், இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் விளக்கு கறுத்துக் கிடந்தால் அந்த வீட்டையே ஏசுவார்கள். இவள் மனம் குளிர்ந்தால் எங்களை வைத்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டேன். புளி, சாம்பல், தேங்காய் நார் எல்லாம் எடுத்து உட்கார்ந்து, நகக்கண் எரிய எரியத் தேய்த்தேன். அன்னம் தகதகவென்று வந்தது. எனக்கே கும்பிடத் தோன்றியது.

திரும்பி வந்த துரைசாணி வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டளையிடுகிற அளவுக்கு அவளுக்குத் தமிழ் தெரியும்.

"யார் செய்தது?"

"நான்தாங்க தொரசாணி. புளி போட்டுத் தேச்சேன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் அழுதாள். ஒரு விளக்குக்காக மனுஷி அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை நாளும் அவள் ஆசையாகத் தொங்கவிட்டிருந்தது அந்தக் கறுப்பைத்தான் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"ரெண்டு நாள் குடுங்க தொரசாணி, திரும்பக் கறுப்பாக்கித் தர்றேன்" என்று காலில் விழுந்தேன். விளக்கெண்ணெயில் கரி குழைத்துப் பூசினேன். அடுப்புப் புகையில் தொங்கவிட்டேன். சாணக்குழியில் புதைத்து எடுத்தேன். அழுக்காயிற்றே தவிரப் பழசாகவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு, "நீ போ" என்றாள்.

ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற காலைப் பெரட்டில் ஊருக்குப் போகிறவர்களோடு எங்களையும் நிறுத்தினார்கள்.

"வீட்ல எந்திரிக்கவே முடியலைங்க கங்காணி. ஒரு ரெண்டு வாரம் பொறுங்க" என்று கெஞ்சினேன்.

"என் கையில என்னப்பா இருக்கு? தொரசாணி சொல்லிட்டாங்க."

மாத்தளை தாண்டியபின் ஒரு காலையில் என் மனைவி பாதையோர மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கூட வந்தவர்கள் நிற்கவில்லை. ஏன் அனுப்பினார்கள் என்று அவளிடம் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அப்போது சொன்னேன்.

"ஏங்க, வெளக்கு நல்லா பளபளன்னு வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு நம்மள அனுப்புனாங்க?"

துண்டால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுமுன் அவள் மூச்சு அடங்கிவிட்டது. துணைக்கு ஆளில்லாமல், கையாலேயே குழி தோண்டினேன்.