ஒன்றே முக்கால் மணி நேரத்து அக்கா

கீதாவைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லாத ஆள் அந்தச் சொந்தத்தில் கிடையாது. சத்தியமங்கலத்துக்காரி. போர்வெல் வண்டி ஓட்டும் சென்னியப்பனைக் கட்டிக்கொண்டு, ஆறு வருடமாகச் சத்தீஸ்கரில் நாராயண்பூர் என்ற ஊரில் குடித்தனம். இந்தியைக் காய்க்காரியிடம் சண்டை போட்டே கற்றுக்கொண்டவள். அப்பா செத்தபோது மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து அம்மா தெய்வாத்தாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்போது தம்பி மிதுனுக்குக் கல்யாணம். பெண்ணின் தாத்தா படுத்த படுக்கை என்று தேதியைத் திடீரென முன்னால் இழுத்துவிட்டார்கள். தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையும் கூடப்பிறந்தவளும் ஒரே கூறைச்சேலையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த இடமும் போய்விட்டால் பிறந்த வீட்டில் தனக்கு வேறு இடமில்லை என்று கீதாவுக்கு நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிதுன் கூப்பிட்டான். "அக்கா, வெள்ளிக்கெழமை காலையில கண்ணாலமுங்க. ஃபோன்ல பாத்துப்போட்டேன். ஆயிரம் கிலோமீட்டரு, பிளைட்டுல ஒன்னே முக்கா மணி நேரம். வியாழக்கெழமை கெளம்புனாப் போதுமுங்க."

"அது மேப்புல கோடு போட்டு அளந்ததுடா. இங்க பிளேனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"வர மனசில்லீன்னா சொல்லிப்போடுங்க." வைத்துவிட்டான்.

கோபத்திலும் அந்த 'ங்க' மட்டும் குறையவில்லை பாருங்கள்! சத்தியமங்கலத்துப் பக்கம் கழுத்தை அறுத்தாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்கள்.

அன்று சாயங்காலமே கிளம்பினாள். ராய்ப்பூருக்கு பஸ்ஸில் ஏழு மணி நேரம். அங்கே விமானம் இருந்தது, இடம் இல்லை. ஈரோட்டுக்கு நேர் ரயிலும் அன்றைக்கு இல்லை. விஜயவாடாவில் மாறி, கக்கூஸ் ஓரம் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மண்டபத்தில் நுழைந்தாள். அறுபத்தொரு மணி நேரம்.

மேடையில் கீதாவின் இடத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா மகள் சைதன்யா கூறைச்சேலை முனையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"சீர் முடிஞ்சுதுங்க அம்மணி. ரெண்டாந்தடவ செய்யறதில்ல," என்றார் சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் நஞ்சுண்டன்.

"ஒன்னே முக்கா மணி நேரத்துல வர்றவிய, இப்பத்தான் வாரீங்களா?" என்றான் மிதுன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கீதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராக மேடை ஏறினாள். "சரி தம்பி. நான் திரும்பிப் போகோணும். அதே பிளைட்டுல ஒரு டிக்கெட்டு போட்டுக் குடு. இப்பவே, எல்லாரும் பாக்கட்டும்."

மிதுன் வீம்பாகத்தான் ஃபோனை எடுத்தான். தட்டினான். மறுபடி தட்டினான். மாலை கழுத்தை அறுத்தது போலும், இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான்.

"என்ன கண்ணு, போட்டுட்டியா?" என்றாள் தெய்வாத்தாள்.

"நம்மூர்ல ஏர்போர்ட் இல்லீங்கம்மா. அக்கா ஊர்லயும் இல்லீங்க."

தெய்வாத்தாள் மகளைப் பார்த்தாள். சேலையெல்லாம் ரயில் அழுக்கு, கால் இரண்டும் வீங்கியிருந்தன. "அப்ப உங்கப்பன் செத்தப்பவும்..." என்று இழுத்தாள்.

"அப்பவும் இல்லீங்க."

தெய்வாத்தாள் மகளின் கையைப் பிடித்தாள். "சாப்புட்டுப் போலாம் வா, கண்ணு."

அந்தக் 'கண்ணு'வைக் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. கீதா மெதுவாகக் கையை உருவிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள்.

"பந்தியில கண்ணாலத்துக்கு வந்த ஒறம்பரைங்களை உக்கார வையுங்க. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சுங்க," என்று யாரோ ஊராரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.