பத்தில் ஒரு ஏணி

தொழிற்சாலையில் சீல்காரரைத் தெரியாதவர் கிடையாது. அது அலுமினிய ஏணி செய்யும் இடம். பாரம் ஏற்றிச் சோதித்து, ‘தேறியது’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவது இருபத்தாறு வருடமாக அவர் வேலை. சோதித்து என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். பத்தில் ஒன்றின்மேல் மணல் மூட்டையை ஏற்றுவார்கள். மீதி ஒன்பதுக்கும் வெறும் முத்திரை. அது அவர் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். கப்பலுக்கு நேரமாச்சு என்று கத்துகிற மேனேஜருக்கும் அது நன்றாகவே தெரியும்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒருநாள் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டில், வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிற ஒருவர் அந்த ஏணிகளில் ஒன்றிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டு, கம்பெனிமேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டிருந்தார். சீல்காரரை அவ்வளவு தூரம் வரவழைக்க முடியாது. அதனால் அந்த நாட்டு நீதிமன்றம் கேள்விகளை எழுதி, ‘உங்கள் ஊர் சாட்சியிடம் கேட்டு, பதிலை அனுப்புங்கள்’ என்று இங்குள்ள நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. இவ்வளவுதான் சங்கதி. ஆனால் சீல்காரர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுப் போலீஸ் வந்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடும் என்று, இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் பையில் எடுத்து வைத்தார்.

“உங்களுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. எப்படிக் கொண்டுபோவாங்க, பார்சல் கட்டியா?” என்றாள் மனைவி. கேலி செய்தாளே தவிர, அவளுக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை போச்சுன்னா, மறுநாள் இங்க வர வேண்டாம்.”

“பத்துல ஒண்ணுங்கிறதைக் கேட்டா, சார்?”

“கேக்க மாட்டாங்க. அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

நீதிமன்றத்தில் சீல்காரர் சத்தியப் பிரமாணம் எடுத்தார். நீதிபதி காகிதத்தைப் பார்த்துப் படித்தார். கையெழுத்து உங்களுடையதா? ஆமாங்க. முத்திரை? ஆமாங்க. தேதி? ஆமாங்க. ஒரு கேள்வி முடிந்தால் உயிர் வரும், அடுத்தது தொடங்கினால் போகும். கம்பெனி வக்கீல் மட்டும் பேனாவை மூடிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“கடைசிக் கேள்வி. இது வழக்குப் போட்டவரே எழுதினதுன்னு குறிச்சிருக்காங்க,” என்றார் நீதிபதி. “இந்த முத்திரையை நம்பி, நீங்க இந்த ஏணியில ஏறுவீங்களா?”

‘ஏறுவேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை தப்பிக்கும். அதைச் சொல்லத்தான் சீல்காரர் வாயைத் திறந்தார்.

“மாட்டேங்க.”

“ஏன்?”

“பத்துல ஒண்ணைத்தான் சோதிப்போம், ஐயா. இது அந்த ஒண்ணான்னு எனக்கே தெரியாது.”

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். அதற்குள் தட்டச்சுக்காரர் அடித்து முடித்திருந்தார்.

மனைவி வெளியே நின்றிருந்தாள். “சொல்லிட்டேன். இனிமே எனக்கு வேலை இல்ல,” என்றார் அவளிடம். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அந்த மனுஷன் இப்ப எழுந்து நடக்கிறாராமா?” என்று பிறகு கேட்டாள்.

“அந்தக் காகிதத்துல இருந்திருக்கும். கேக்கப் பயமா இருந்துச்சு.”