அருள் என்று பேர் வைத்த நடுக்கம்

சின்னம்மாவின் தலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் அவள் மூக்கு நுனியிலிருந்து சொட்டியதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழா, நல்ல உச்சி வெயில். ஆனாலும் குளிரில் நிற்பவளைப் போல அவள் நடுங்கினாள். உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலை இழுத்துத் தேய்க்கத் தேய்க்க நடுக்கம் காலிலிருந்து இடுப்புக்கும் தோளுக்கும் ஏறியது. பல் கிட்டிக்கொண்டது. கூடப்பிறந்த என் அம்மாவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோயில் கமிட்டித் தலைவர் முன்னால் வந்து குனிந்து, "தாயி, எஸ்டேட்ட வித்துருவாங்களா? எங்க வீடெல்லாம் தங்குமா?" என்று கேட்டார். சின்னம்மா "வேணாம், வேணாம்" என்று முனகினாள். விற்க வேண்டாம் என்று ஆத்தா சொல்லிவிட்டாள் எனத் தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கைதூக்கினார். எல்லோருக்கும் நிம்மதி, சின்னம்மாவைத் தவிர.

அதற்கு முந்தைய வருடம்தான் சித்தப்பா செத்துப்போயிருந்தார். எஸ்டேட் என்பது லிங்கி ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். நீளமான அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளை மாட்டிக் குலை அறுப்பார்கள். சித்தப்பா கையிலிருந்த கம்பு மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது. சின்னம்மா கொஞ்ச தூரத்தில் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் மகளும் கூட இருந்தாள். புருஷனிடம் ஓட எழுந்தவளை, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தரையோடு அமுக்கிவிட்டார். தொட்டிருந்தால் அவளும் போயிருப்பாள். மண்ணில் கிடந்தபடி "வேணாம், வேணாம்" என்று கத்தியவள், கம்பி உறுமிய சத்தத்தை அது அடங்கும்வரை கேட்டாள். மேளத்தின் உறுமலும் அதே மாதிரிதான் இருக்கிறது என்று பின்னால் என்னிடம் ஒருமுறை சொன்னாள். கோயிலில் யாரும் அதைப் பற்றி அவளைக் கேட்கவே இல்லை.

முதல் திருவிழாவுக்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவளைக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். தேங்காய், பழம், புதுச் சேலை, ஒன்றுக்கும் குறைவில்லை. பலிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டைக் கூட இப்படித்தான் நன்றாகக் கவனிப்பார்கள். அவளோ சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல் இளைத்துக்கொண்டே போனாள். எனக்கு அந்தத் தலைவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் குடியிருக்கும் மந்தின் ஊரிலிருந்து நான்தான் காரை எடுத்துக்கொண்டு போய் அவளைப் போர்டிக்சனில் ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போனேன். மாத்திரை, மருந்து எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் அழுத்தி உட்காரச் சொன்னார் அந்த அம்மா. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும் என்றார். வாயை மூடி மெல்ல முனகச் சொன்னார். அறையில் இருப்பதையெல்லாம் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். இதற்காகவா இவ்வளவு பெட்ரோலைக் கொளுத்தினோம் என்று நினைத்தேன். அன்று ஓட எழுந்த கால் இன்னும் ஓடப் பார்க்கிறது, நடுக்கம் வந்தால் பிடித்து நிறுத்தவும் வேண்டாம், தூண்டிவிடவும் வேண்டாம், தானாக அடங்க விடுங்கள் என்று அவர் சொன்னபோது சின்னம்மா முதல்முறையாக ஓவென்று அழுதாள்.

சில மாதங்களில் அவள் சாப்பிட ஆரம்பித்தாள். கைப்பேசியில் உறுமிச் சத்தத்தைச் சன்னமாக வைத்து, அதைப் பின்கட்டில் விட்டுவிட்டு, சமையலறையில் நின்று பாதத்தை அழுத்திப் பழகினாள். அப்புறம் கைப்பேசி கூடத்துக்கு வந்தது, கடைசியில் அடுப்பு மேடைக்கே வந்தது. "இப்ப வெறும் மேளமாத்தான்டா கேக்குது" என்று சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இந்த வருடத் திருவிழாவுக்குள் நிலம் அளக்கிறவர்கள் வந்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் பின்னால் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எல்லார் முகத்திலும் கிலி. மேளத்தைச் சின்னம்மாவின் காதருகிலேயே கொண்டுவந்து அடித்தார்கள். அவள் அசையவில்லை. பாதம் தரையில் ஒட்டியிருந்தது, மூச்சு நீளமாகப் போனது. அழுத்தி அடித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. "தாயி கோவிச்சுக்கிட்டாளே!" என்று தலைவர் கத்தினார். "இவதான் கிளினிக் கிளினிக்னு போயி வெரட்டிட்டா" என்றாள் ஒருத்தி. கூட்டம் நெருங்கி வந்தது.

அப்போதுதான் என் தங்கை, சின்னம்மாவின் மகள், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்கள். உதடு வெளுத்து, அவள் கை வெடவெடவென்று ஆடியது. அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டவள் அவளும்தானே. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை. "ஆத்தா மக மேல எறங்கிட்டா!" என்று ஒரு குரல். உறுமி அவள் பக்கம் திரும்பியது. மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்கள்.

சின்னம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அழுத்தியிருந்த குதிகாலைத் தரையிலிருந்து எடுத்தாள். முழங்காலை ஆட்டினாள், தலையை விரித்துப் போட்டாள், அடித்தொண்டையில் அலறினாள். "விக்க மாட்டான்டா! நான் இருக்கேன்டா!" மேளமும் குடமும் கூட்டமும் அப்படியே அவளிடம் திரும்பின. நான் தங்கையை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினேன்.

தங்கை இப்போது மந்தினில் எங்கள் வீட்டில் இருக்கிறாள், அந்த ஆலோசகரிடம் போய்வருகிறாள். சின்னம்மாவையும் கூப்பிட்டேன். "நானும் வந்துட்டா பிள்ளையத் தேடி அங்கயே வந்துருவாங்கடா" என்று மறுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அவள்தான் ஆடுகிறாள்.

போன வாரம் போயிருந்தபோது எனக்குக் காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். மேளம் இல்லை, பாட்டு இல்லை, ஒரு சத்தமும் இல்லை. கரண்டி கோப்பையில் கடகடவென்று தட்டிக்கொண்டே இருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மாத்தான் ஆடிக் காட்டுனேன், அய்யா. இப்ப நிறுத்துனா நிக்க மாட்டேங்குது."