ஸ்டெல்லா நீட்டிய குழாய்

அந்தச் சனிக்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக இரண்டு பாட்டில்களில் தண்ணீர் நிரப்பினேன். ஒன்று எனக்கு, ஒன்று ஸ்டெல்லாவுக்கு. தாதர் கடற்கரைக்குப் போகும் நாள். இரண்டாவது பாட்டிலை மூடுவதற்குள் தாராவியிலிருந்து அவள் தங்கை ரோஸி அழைத்தாள். "அக்கா தூக்கத்துலயே போயிட்டா லலிதாக்கா."

எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஸ்டெல்லாவை அறியாதவர்கள் இல்லை. மதிய இடைவேளையில் பிளாஸ்டிக் டப்பா மூடியைச் சுற்றிச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருப்பாள். "க்யா மேடம், ஆஜ் டப்பே மே நூடுல்ஸ்?" என்று பியூன் இந்தியில் கேட்டால், "ஆவ், தும் பி காவ்", நீயும் வந்து சாப்பிடு என்று கம்பி நுனியை நீட்டுவாள். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை அவளே செய்திருந்தாள். மற்ற பாகங்களில் அவளுக்கு அவ்வளவு ஆசை இல்லை. அந்தக் கம்பியைச் சுற்றிச் செய்யும் தேடும் வளையம்தான் அவள் உயிர்.

எவ்வளவு பெரிய வளையம் வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "பெருசு ஆழமாப் பாக்கும், ஆனா மூக்குத்திய விட்ரும். சின்னது மூக்குத்தியப் புடிச்சிரும், ஆழத்துக்குப் போவாது. மாப்பிள்ள பாக்குற மாதிரிதாம்ட்டி, எல்லாம் ஒரே எடத்துல அமையாது. அதான் நான் கட்டவே இல்ல."

கடற்கரையில் எங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சோடா மூடிகள். ஆனால் நான் பிடித்தால் மட்டும் கருவி அடிக்கடி கத்தியது. அவள் கையில் சாதுவாக இருந்தது. சுற்று தளர்ந்து ஆடுகிறது என்று நினைத்து, மொத்தக் கம்பியையும் பிரித்து, மறுபடி சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, பசை பூசிக் கொண்டுவந்தாள். அடுத்த வாரமும் கத்தியது.

"நில்லு" என்றாள். நின்றேன், சத்தமில்லை. "நட." நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கத்தல். என் பாதங்களையே பார்த்தவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, ஒன் மெட்டி! எங்க வீட்ல யாரும் போடுறதில்ல, எனக்குப் புத்தியிலயே வரல பாரு. பாவம், அந்த வளையத்தப் போட்டு அந்தப் பாடு படுத்திருக்கேன்." கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "சரி, கழத்திட்டு நட."

"என்னால முடியாதுடி" என்றேன். என் கணவர் வேறு வாழ்க்கை தேடிப் போய் அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. கழற்றினால் அது முடிந்துபோனதாக நானே சொன்னதாகிவிடும் என்று பயம். அவள் சிரிப்பை நிறுத்தினாள். ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, வளையத்தைத் தாங்கும் பிடிக்குழாய் நீண்டிருந்தது. வளையம் என் கால்களுக்கு வெகு முன்னால் போகும்படி இன்னொரு துண்டை ஒட்டியிருந்தாள். வளையத்துக்குப் போகும் ஒயரும் நீண்டதால் எத்தனை சுற்று என்ற அவள் கணக்கு மாறிப்போய், சில சுற்றுகளைப் பிரித்துச் சரிசெய்ததாகச் சொன்னாள். கனத்தைத் தாங்க என் முழங்கைக்கு ஒரு பட்டையும் இருந்தது, அவளுடைய பழைய கைப்பையின் வார். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், "மச்லி பகட்னே ஆயே க்யா?", மீன் பிடிக்க வந்தீர்களா என்று கேட்டார். "ஹான், ஷார்க்" என்றாள் ஸ்டெல்லா.

அதன்பின் மெட்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் எனக்கு ஏதாவது புத்தி சொல்லிக்கொண்டே இருந்த ஆண்டுகள் அவை.

அடக்கம் முடிந்த மறுநாள், "இத நீங்களே கொண்டு போங்கக்கா, எங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்று ரோஸி கருவியைக் கையில் கொடுத்தாள். டாக்ஸியில் அடங்கவில்லை. மாட்டுங்காவில் என் வீடு வரை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தது. இப்போது என் அறைக்கதவின் பின்னால் சாய்ந்திருக்கிறது. முழங்கைப் பட்டையில் அவள் கைப்பையின் வாசனை கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

வரும் சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு தாதர் போகிறேன். கிளம்புமுன் மெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. குழாயை மட்டும் குறைக்கப்போவதில்லை.