அக்காவின் வலது கண்

சாலையில் காயப்போட்டிருந்த நெல்லைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு லாரி கிளப்பிய காற்றில் அக்காவின் வலது கண்ணில் உமி விழுந்தது. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு பத்து நாள் ஓட்டிவிட்டாள். திருவாரூரில் இருந்த எனக்கு அவள் சொல்லவே இல்லை. நான் ஊருக்குப் போனபோது கருவிழியில் வெள்ளைப் படலம் பரவியிருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "பூஞ்சை உள்ள போயிடுச்சு. இத்தனை நாள் என்ன பண்ணுனீங்க?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள்.

அப்போது நான் ஆராய்ச்சியில் மூன்றாம் வருடம். உடம்புக்குள் செல்கள் ஈரமான, மெத்தென்ற ஓர் இடத்தில்தான் ஒட்டி வாழ்கின்றன. அதே மாதிரி, ஜெல் போன்ற ஒரு கூழ்மத்தைச் செய்வது என் வேலை. தண்ணீராக ஊற்றி நீல ஒளியைக் காட்டினால் இறுகிவிடும். என்றாவது புண்பட்ட கருவிழியை அதனால் நிரப்பலாம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

வார்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அக்கா கேட்டாள்: "கண்ணுக்குத்தானே ஏதோ செய்யிறேன்னு சொன்னியே? அதை எனக்கு வைடி."

"அது இன்னும் மனுஷங்களுக்கு வைக்கிற நிலைமையில இல்லக்கா."

"எலிக்காவது வச்சியா?"

"எலிக்கும் இல்ல."



ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து வெறி பிடித்தவள்போல் வேலை செய்தேன். ஒளியைக் குறைத்தால் கூழ்மம் கஞ்சியாக ஓடியது. கூட்டினால் அதில் கலந்திருந்த செல்கள் செத்தன. மைக்ராஸ்கோப்பில், விரிந்து படர வேண்டியவை உருண்டு சுருங்கிக் கிடந்தன. "அவசரப்பட்டு ஒண்ணும் ஆகாதும்மா. இன்னும் பத்து வருஷமாவது ஆகும்" என்றார் என் பேராசிரியர். அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கூழ்மம் ஊற்றிய அடுத்த தட்டை ஒளிக்கடியில் வைத்தேன்.

தானக் கண்ணுக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தோம். அது வருவதற்குள் கருவிழியில் ஓட்டை விழுந்து, கண்ணையே எடுத்துவிட்டார்கள்.

நாலு மாதம் கழித்து ஒரு தட்டில் செல்கள் கைகால் நீட்டியதுபோல் படர்ந்திருந்தன. பேராசிரியர் மற்ற மாணவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நானும் சிரித்தேன். நாலாம் நாள் அவையும் செத்துவிட்டன. ஏனென்று இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். கூழ்மத்தைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை.

"பொங்கலுக்கு வர்றியா?"

"லீவு இல்லக்கா" என்றேன்.

லீவு இருந்தது.